கூஜாவுக்கு வாய் சிறிது

முன்னொரு காலத்தில், குளமும் பெரிது, கோபமும் பெரிது என்று பேரெடுத்த ஒரு ராஜா இருந்தார். சித்திரை வெயிலில் அவருடைய தாமரைக் குளம் வற்றத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு விசித்திரமான ஆசை ஒன்று முளைத்தது.

"ஆளுக்கு ஓர் உழக்குத் தண்ணீர். குடிக்கக் கூடாது, கொட்டக் கூடாது, தீ மூட்டக் கூடாது. முதலில் வற்றவைப்பவருக்குப் பரிசு!"

விகடகவி அம்பலக்கூத்தன் மீது பொறாமையில் வெந்துகொண்டிருந்த பொக்கிஷதார் சிங்கணர் துள்ளி எழுந்தார்.

"நானும் கூத்தனும் மோதுகிறோம், மகாராஜா! தோற்றவன் சபையை விட்டே போகட்டும். வெயில் முற்றம் எனக்கு, நிழல் மண்டபம் அவனுக்கு."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

கூத்தன் தன் பங்குத் தண்ணீரை ஒரு சட்டியில் வாங்கிக்கொண்டு நிழல் மண்டபத்தில் உட்கார்ந்தான். வெயிலும் கைவிட்டால் வேறு யார் துணை? அப்போது வறண்ட மேல்காற்று மண்டபத்துக்குள் விர்ரென்று புகுந்து அவன் குடுமியைக் கலைத்தது. கூத்தன் சிரித்துவிட்டான்.

முற்றத்தில் சிங்கணர் தண்ணீர் ஊற்றிய தன் தங்கக் கூஜாவுக்குக் காவல் நின்றார். வியர்வை தாங்காமல் பத்து முழத் தலைப்பாகையைக் கழற்றி மண்டபத்துக்குள் எறிந்தார்.

"ஐயா, இதைக் காற்றாட விரிக்கட்டுமா?"

"எதையாவது செய்! நாளைக்கு நீ மூட்டை கட்டத்தானே போகிறாய்?"

உத்தரவு கிடைத்துவிட்டது! கூத்தன் தலைப்பாகையைத் தன் சட்டிக்குள் அமுக்கினான். துணி மொத்தத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டினான். அது கொடிபோலப் படபடத்தது.

உச்சிப்பொழுதுக்கு முன்பே துணி மொடமொடவென்று காய்ந்துவிட்டது. கூத்தன் காலிச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினான். சிங்கணர் கூஜாவைக் கவிழ்த்தார். வெந்நீர் களக் களக்கென்று கொட்டியது.

"அநியாயம்! வெயில் என் பக்கம் அல்லவா இருந்தது?"

"இருந்தது ஐயா. ஆனால் தண்ணீர் வெளியேற வழி வேண்டாமா? நான் பத்து முழத்துக்கு விரித்தேன், காற்று வாரிக்கொண்டு போனது. உங்கள் கூஜாவுக்கு வாய் சிறிது, உங்களுக்கோ வாய் பெரிது. இரண்டும் மாறியிருந்தால் நீங்களே ஜெயித்திருப்பீர்கள்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார்.

"சரி, தோற்றவரை என்ன செய்யலாம்?"

"இங்கேயே இருக்கட்டும், மகாராஜா. தலைப்பாகை இரவல் கொடுத்தவரை விரட்டலாமா?"

சிங்கணர் பதில் சொல்ல வாயெடுத்தார். கூஜாவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். ராஜாவின் சிரிப்பு மறுபடியும் மண்டபத்தை நிறைத்தது.