விதைநெல்லுக்கு யார் காவல்?

மிருகமும் பூச்சியும் அரண்மனை வாசலுக்கு நேரே வந்து முறையிட்ட காலம் அது. அப்போது வில்லவராயன் என்றொரு அரசன் இருந்தான். நல்லவன்தான், ஆனால் மந்திரி சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவான்.

மழைக்காலம் நெருங்கியது. களஞ்சியத்து விதைநெல் கெட்டால் அடுத்த வருஷம் ஊருக்கே சோறில்லை. காவலுக்கு ஆள் தேவை என்று தண்டோரா போட்டார்கள்.

வந்ததோ இரண்டே பேர். ஒன்று, கூட்டைவிட்டுச் சிறகோடு வெளிவந்த பட்டுப்பூச்சி. இன்னொன்று ஒரு தாய் மூஞ்சூறு. அதன் வாலைக் கவ்வியபடி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குட்டிகள். அவற்றின் வளையை ஏர் உழுது போட்டுவிட்டது. வேலை கிடைத்தால் களஞ்சியத்தில் ஒரு மூலை, கிடைக்காவிட்டால் குட்டிகளோடு மழையில்தான்.

மந்திரி உலகநம்பி மூக்கைப் பொத்திக்கொண்டார். "சீ, என்ன நாற்றம்! அரசே, பட்டுப்பூச்சிக்குத் தின்ன வாயே கிடையாது. இதுவோ நாழிகைக்கு ஒருதரம் தின்னாவிட்டால் செத்துப்போகும். இதையா நெல்லுக்குக் காவல் வைப்பது?"

மூஞ்சூறு ஓரடி முன்னால் வந்தது. "பசி என் பிறவிக்குணம், மகாராஜா. நான் மறைக்கவில்லை. ஒருதரம் வைத்துத்தான் பாருங்களேன்" என்றது.

குட்டிகளைப் பார்த்த அரசன் இந்தத் தடவை உடனே தலையாட்டாமல், களஞ்சியத்து நெல்லை இரண்டு பானைகளில் நிரப்பினான். ஒன்றில் பூச்சியையும் மற்றதில் மூஞ்சூறையும் விட்டு, துணியால் வாய் கட்டினான்.

முதல் நாள் மந்திரி காது வைத்துக் கேட்டார். பூச்சியின் பானையில் சத்தமே இல்லை. மூஞ்சூறின் பானையில் மொறுக் மொறுக். இரண்டாம் நாளும் மொறுக் மொறுக். மூன்றாம் நாளும் மொறுக் மொறுக்.

"ஐயையோ, நெல்லெல்லாம் போச்சு!" என்று தலையிலடித்துக்கொண்டார். குட்டிகள் பாவம், வால் பிடித்த வரிசை கலையாமல் தாயின் பானையையே சுற்றிச் சுற்றி வந்தன.

விதை தேறுமா என்று உழவர்கள் பார்ப்பதுபோல, அரசன் இரண்டு பானை நெல்லையும் தண்ணீர்த் தொட்டிகளில் கொட்டச் சொன்னான். பூச்சி காத்த நெல்லில் பாதி பதராக மிதந்தது. கூடவே கருகருவென்று வண்டுகள். மூஞ்சூறு காத்த நெல்லோ அப்படியே அடியில் போய் உட்கார்ந்தது. மேலே மிதந்தவை வண்டுகளின் வெறும் இறக்கைகள்.

"வண்டையா தின்றாய்?"

"வேறென்ன, மகாராஜா? எனக்கு நெல் எதற்கு? யாராவது துணியை அவிழ்த்துப் பார்த்திருக்கக் கூடாதா?" மூஞ்சூறுக்கு அழுகையே வந்துவிட்டது.

பட்டுப்பூச்சிமேல் குற்றமில்லை என்று சொல்லி, முட்டையிட, பட்டுப்புழு தின்னும் இலையுள்ள ஒரு முசுக்கட்டைக் கிளையைக் கொடுத்தனுப்பினான் அரசன். குட்டிகள் ஓடிவந்து வாலைக் கவ்விக்கொள்ள, மூஞ்சூறு களஞ்சியத்துக்கு நடந்தது. மந்திரி மூக்கிலிருந்து கையை எடுத்து, தானே கதவைத் திறந்துவிட்டார்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள், ஒருவர் எதைச் செய்யமாட்டார் என்பதை மட்டும் பார்த்துப் பொறுப்பைக் கொடுக்காமல், என்ன செய்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்துக் கொடுக்க வேண்டும்.