இரண்டாம் கலயத்துப் பாலேடு

கதைக்குள் செல்லுமுன் கேட்பவர் அறிய வேண்டுவன மூன்று.

மலையடிவாரத்தில் ஒரு மடத்துக்குத் தலைவியாக இருந்த உமையாள் அம்மைக்கு மணம் தெரியாது. ஒரு கடுங்காய்ச்சல் மணத்தை முற்றாகவும் சுவையைப் பெரும்பாலும் கொண்டுபோய்விட்டது. அடிபிடித்த பொங்கலை முதலில் அவருக்குப் பரிமாறுவது மடத்தில் வழக்கமாயிற்று. அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய மாணவி கோமளவல்லி, வயதில் அவருக்கு மூத்தவர். மடத்துக்கு வருமுன், பயணம் புறப்பட்ட தம்பிக்குத் தேங்காய்ச்சோறு கட்டிக் கொடுத்தவர். கட்டுமுன் முகர்ந்து பார்த்தார், குறையொன்றும் தோன்றவில்லை. தம்பி போன இடத்தில் வாந்தி கண்டு இறந்தான். அன்றுமுதல் கொதிக்க வைக்காத எதையும் அவர் உண்பதில்லை. அவரிடம் கொடுத்தால் வெந்நீரையும் ஒருமுறை வேகவைப்பார் என்று மடத்துச் சமையற்காரி மரகதம் கேலி செய்வாள்.

மூன்றாவது, பாலேட்டைப் பற்றியது. சேர்த்து வைத்த ஏட்டில் சிறிது தயிரை உறையாக விட்டுப் புளிக்க வைத்துக் கடைந்தால் மணமுள்ள வெண்ணெய் கிடைக்கும். நன்றாகப் புளித்த ஏடும் கெட்டுப்போன ஏடும் சிலவேளை கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். மூக்குத்தான் பிரித்தறியும்.

இனிக் கதை.

குருபூசைக்கு முந்தைய நாள். மரகதம் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். போகும்போது பாலேட்டைக் கோமளவல்லியிடம் ஒப்படைத்திருந்தாள். இரண்டு கலயங்கள் நிறைந்திருந்தன. மறுநாள் வரும் அடியார் அனைவருடைய இலையிலும் அந்த வெண்ணெய் விழ வேண்டும்.

காலையில் உமையாள் அம்மை அடுக்களைக்கு வந்தபோது மத்து நனையாமல் கிடந்தது. கோமளவல்லி துணிமூட்டையுடன் கதவருகே நின்றிருந்தார்.

தாம் ஊருக்குத் திரும்பப்போவதாகச் சொன்னார். கண்ணை மூடினால் வரிசையாக இலைகள் தெரிகின்றன என்றார். ஒவ்வோர் இலைக்குப் பின்னாலும் தம்பி அமர்ந்து, பசியோடு தம்மைப் பார்க்கிறான் என்றார். பிறகு கேட்டார்:

"இந்தப் பயம் எப்போது போகும், அம்மா?"

உமையாள் அம்மை இரண்டு கலயங்களின் மூடிகளையும் எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரே வெண்மை, ஒரே மினுமினுப்பு.

"எது நல்லது, அக்கா?"

"தெரியவில்லை."

"முகர்ந்து சொல்லுங்கள்."

"என் மூக்கை நம்பாதீர்கள். அது ஒருவனைக் கொன்ற மூக்கு."

"நம்பாமலிருக்க எனக்கு அதுகூட இல்லையே. உண்டுதான் பார்க்க வேண்டும்."

கோமளவல்லி சேலைத்தலைப்பால் மூக்கையும் வாயையும் இறுக மூடிக்கொண்டார்.

உமையாள் அம்மை மரக்கரண்டியால் முதற்கலயத்து ஏட்டை எடுத்து உண்டார். தொண்டை அசைந்து அது இறங்குவதைக் கோமளவல்லி பார்த்தார். ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராததே அவரை மேலும் அச்சுறுத்தியது. அன்றும் முதலில் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை.

கரண்டி இரண்டாம் கலயத்துள் இறங்கியது. ஏட்டின் மேற்பரப்பு உடைந்தது. நிறைந்த கரண்டி மெதுவாக, மிக மெதுவாக, வாயை நோக்கி உயர்ந்தது.

சேலைத்தலைப்பின் மடிப்புகளைத் தாண்டி ஒரு நெடி வந்தது. அது புளிப்பன்று. எலி செத்துக் கிடக்கும் பரணைத் திறந்தாற்போல் இருந்தது.

கோமளவல்லியின் கை ஆசிரியையின் மணிக்கட்டைப் பற்றியது. கரண்டி தரையில் விழுந்தது.

"வேண்டாம், அம்மா. கெட்டுவிட்டது."

"தெரியவில்லை என்றீர்களே."

கோமளவல்லி பற்றிய கையை விடவில்லை.

"முதற்கரண்டியை ஏன் தடுக்கவில்லை?"

அதன் மணம் நன்றாக இருந்தது என்று கோமளவல்லி தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அப்படியானால் அதைக் கடையுங்கள், அக்கா. வெயில் ஏறினால் வெண்ணெய் திரளாது."

மூட்டையைச் சுவரோரம் வைத்துவிட்டு அவர் கடைந்தார். ஏடு முதலில் நுரைத்தது. பிறகு மத்துக்கு அசையாமல் கெட்டியாயிற்று. இதுவும் போயிற்று என்று எண்ணிக் கையை நிறுத்தியவர், குனிந்து முகர்ந்துவிட்டுத் தொடர்ந்தார். திடீரென்று மத்து இலகுவாயிற்று. மோர் பிரிந்து, மஞ்சள் மணிகளாக வெண்ணெய் மிதந்தது. கழுவிய நீர் தெளியும்வரை குளிர்ந்த நீரில் அதைக் கழுவினார். அதன்பிறகும் கழுவினார்.

பின்னர் உறுதியான செய்திகள் பின்வருமாறு.

இரண்டாம் கலயம் கெட்ட காரணம் மரகதம் திரும்பியபின் தெரிந்தது. உறையிட்ட அன்றே, தயிரில் நஞ்சு ஏதேனும் இருந்தால் சாகட்டும் என்று கோமளவல்லி அந்த ஏட்டைக் கொதிக்க வைத்திருந்தார். செத்தது உறைதான், காவலற்றுப்போன ஏட்டில் வேறு ஏதோ குடியேறிவிட்டது. முதற்கலயத்தையும் கொதிக்க வைக்கவே எண்ணியிருந்தார். விறகு ஈரமாக இருந்தமையால் அது தப்பியது.

குருபூசையன்று எல்லோர் இலையிலும் வெண்ணெய் விழுந்தது. கோமளவல்லி பொழுது சாயும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எவருக்கும் எதுவும் நேரவில்லை.

மூட்டை அவிழ்க்கப்பட்டது. அச்சம் போகவில்லை. ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் அவர் மும்முறை முகர்ந்து பார்த்ததை மடத்தில் அனைவரும் கண்டிருக்கின்றனர். கலயங்களைக் கழுவிக் கவிழ்த்த ஒருநாள் அவர் ஆசிரியையிடம் கேட்டதும் உண்மை.

"இரண்டாவது கெட்டது என்று அம்மாவுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாது."

"நான் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால்?"

"உண்டிருப்பேன்."

"பயமாக இல்லையா, அம்மா?"

"இருந்தது, அக்கா. அதனால்தான் கரண்டியை அவ்வளவு மெதுவாக எடுத்தேன்."