சோற்றுக்கு முரசு கொட்டிய கோட்டை

உன்னைத்தான் சொல்கிறேன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பாதே. அந்த நாயின் விலாவை எண்ணிப் பார்த்தாயா? நான் எண்ணினேன், ஒன்றுவிடாமல் தெரிகிறது. தட்டை வைக்கும்போது வீட்டிலுள்ள அத்தனை பேரையும் சுற்றி நிறுத்தி, கையைத் தட்டி, "தின்னு, தின்னு" என்று கத்துவது நீ. அது மிரண்டு ஓடினால், "இந்தச் சனியனுக்கு எவ்வளவு போட்டாலும் ஒட்டாது" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிவதும் நீ. உட்கார். இதைக் கேட்டுவிட்டுப் பேசு.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் கல்மேட்டுக் கோட்டையை மகுடேசன் என்றொரு ராசா ஆண்டான். ஆள் குச்சி, கோபம் மட்டும் மலை. காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பான். அவன் சபையில் தும்மிவிட்டான் என்று சாயங்காலம் திருப்பி வாங்கிக்கொள்வான். அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராசா சாப்பிட உட்கார்ந்தால் எட்டு முரசும் இரண்டு தாரைக் கொம்பும் பக்கத்திலேயே நின்று முழங்கும். கை கழுவும்வரை ஓயாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்?

பக்கத்து நாட்டு ராசா சூறை என்ற வேட்டை நாயை அன்பளிப்பாக அனுப்பி, "மாசி மகத்துக்கு வருவேன், என் செல்லத்தைப் பார்ப்பேன்" என்று சொல்லி விட்டிருந்தான். மகுடேசனுக்குத் தலைகால் புரியவில்லை. "என் நாய்க்கும் ராச மரியாதை!" என்றான்.

அங்கேதான் வந்தது வினை. முரசு கேட்டால் ஓடு, இரையைத் துரத்து என்று பழக்கி வளர்த்த நாய் அது. தட்டு வரும், முரசு முழங்கும், சூறை பிய்த்துக்கொண்டு ஓடும். கோட்டையை ஏழு சுற்று சுற்றி, இல்லாத முயலைத் தேடி, நாக்குத் தள்ளித் திரும்பினால் தட்டைக் காணோம். ஏனென்றால் இன்னொரு வழக்கம்: முழக்கத்துக்குப் பின் மிஞ்சும் சோறு மடைப்பள்ளி மணியக்காரர் சிங்காரராயருக்கு. நாய் இளைக்க இளைக்க ராயருடைய தொந்தி வாசலில் அவருக்கு முன்னால் நுழைந்தது.

ஒருநாள் உப்பு விற்கிற மூக்காயி இரண்டு கழுதைகளோடு மடைப்பள்ளிக்கு வந்தவள், நாய் ஓடுவதையும் ராயர் தட்டைத் தூக்குவதையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். ராயர் அவளைச் சபைக்கு இழுத்து வந்துவிட்டார்.

"அரசே, தங்கள் நாயைப் பார்த்து இவள் சிரிக்கிறாள்!"

"நாயைப் பார்த்துச் சிரிக்கலை மகாராசா, சோத்தைப் பார்த்துச் சிரிச்சேன். மாசி மகத்துக்கு இன்னும் நாப்பது நாள் இருக்கே, அதுவரைக்கும் எங்கிட்ட விடுங்க. தேத்திக் காட்டுறேன்."

"தேறாவிட்டால் உன் தலை போகும்" என்றான் ராசா.

"என் தலை உங்களுக்கு எதுக்கு சாமி? குழம்புக்கும் ஆகாது."

சபை சிரிப்பை அடக்கியது. "அப்படியென்றால் இவளுடைய கழுதைகள்!" என்று குதித்தார் ராயர்.

மூக்காயிக்கு முகம் மாறியது. கழுதை போனால் அவளுக்கு உலையில் போட எதுவுமில்லை. ஆனாலும் விடவில்லை. "சரி. ஆனா நாய் கோட்டைக்கு வெளியே என் கொட்டகையில இருக்கட்டும். அதுவரைக்கும் நாய்ச் சோத்து வேளையில முரசு சும்மா கிடந்தா மரியாதைக் குறைவு. அந்த முழக்கத்தை மணியக்காரர் சாப்பிடுறப்போ அவருக்குக் கொடுங்க. அவரைவிட யாருக்குப் பொருந்தும்?"

ராயருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "பரவாயில்லை, உப்புக்காரிக்கும் தராதரம் தெரிகிறது." ராசாவும் தலையாட்டிவிட்டான்.

மூக்காயி விடிந்ததும் சூறையைக் கழுதைகளோடு உப்பளம்வரை ஓட விட்டுக் கூட்டி வருவாள். கொட்டகை மூலையில் கறிச்சாறு பிசைந்த சோறு, ஒரு கை அளவு. வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்காருவாள். பொழுதுக்குள் நாலு தடவை. இரண்டு நாள் அது முரசு வருமா என்று காதை நிமிர்த்திக்கொண்டே நின்றது. மூன்றாம் நாள் நக்கும் சத்தம் கேட்டது. மூக்காயி திரும்பவில்லை, சிரித்துக்கொண்டாள். பத்தாம் நாள் கழுதையின் காலில் மூஞ்சியை வைத்துக் குறட்டை விட்டது.

இங்கே ராயர்? முதல் நாள் மீசையை முறுக்கினார். மூன்றாம் நாள் புரை ஏறியது. பத்தாம் நாள் காதில் பஞ்சு. யாருக்கும் தெரியாமல் நெல் குதிருக்குள் ஒளிந்து ஒரு அதிரசம் கடித்தார். கடித்த மறுநொடி எட்டு முரசும் முழங்கின. "வாசம் வந்தது ஐயா!" என்றான் முரசுக்காரன், கடமை தவறாதவன்.

முப்பத்தொன்பதாம் நாள், தளர்ந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு ராயர் சபையில் விழுந்தார். "அரசே, இந்த மரியாதை வேண்டாம்! இந்தச் சத்தத்தில் எந்த உயிருக்கு ஒரு வாய் இறங்கும்?"

"அதைத்தான் மகாராசா, நாய்க்குச் சொல்லத் தெரியலை" என்றது வாசலில் ஒரு குரல். மூக்காயி. பக்கத்தில் சூறை, விலா மூடி, முதுகு பளபளத்து, ஆற அமர நடந்து வந்து ராசாவின் காலடியில் சுருண்டு படுத்தது.

சபையே ராசாவின் வாயைப் பார்த்தது. அவன் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். காப்புகள் முழங்கைவரை வழுக்கி விழுகிற மணிக்கட்டு.

"இருபது வருஷம்" என்றான் மெதுவாக. "இருபது வருஷமாக நானும் அரைவயிறுதானடா! ஒரு இலை போடுங்கள். எவனாவது இருமினால் தொலைந்தான்!"

நாலு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். இலைக்கு முன்னாலேயே தூங்கிப்போனான். அன்றைக்குக் கோட்டையில் ஒருவனுக்கும் தண்டனை இல்லை. மறுநாள் மாசி மகத்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராசா சூறையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அன்றிலிருந்து நாய்க்குத் தட்டு கொண்டுபோகும் வேலை ராயருக்கு: நாலு தடவை, வெறுங்காலோடு, வாய் திறக்காமல். மூக்காயி என்ன கேட்டாள்? அரண்மனை வாசல் நிழலில் கழுதைகளுக்கு இடம். பேரம் பேசி அந்த எட்டு முரசையும் சேர்த்து வாங்கிப் போய், தோலைக் கிழித்து உப்பு கொட்டி வைத்தாள்.

கேட்டாயல்லவா? இப்போது எழுந்திரு. சங்கிலியை அவிழ், முதலில் அதை வயிறு பசிக்க ஓட விட்டுக் கூட்டிக்கொண்டு வா. கொஞ்சமாகப் பிசைந்து மூலையில் வை. கூட்டத்தை விரட்டு, வாயை மூடு, முதுகைக் காட்டி உட்கார். நாளைக்கு என்று இழுக்காதே. தட்டு எங்கே? எடு!