கிழிசலுக்குக் காஜா

ரயில்ல முப்பத்தி நாலு வருஷம் டிக்கெட் பரிசோதிச்சு ரிட்டயர் ஆனவரு ஆரோக்கியசாமி. டிக்கெட் இல்லாதவனை அவன் முழிக்கிற முழியிலேயே பிடிச்சிருவாரு. அறுபத்தொரு வயசுல பை ரிப்பேர் கத்துக்கணும்னு ஆசை வந்து, திருச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜரினா கடையில சேந்தாரு. ஜரினாவுக்கு வயசு முப்பத்தி மூணு. இவரு அவங்களை மாஸ்டர்ம்பாரு. அவங்க இவரை சார்ம்பாங்க.

எட்டு மாசமா கை ஊசிதான். மெஷின் பக்கமே விடலை.

"ஒரே ஒரு பையை முழுசா நீங்களே முடிச்சுக் குடுங்க சார். அப்புறம் மெஷின்ல உக்காரலாம்."

அந்த ஒரு பை வந்துச்சு. தாட்சாயணி டீச்சரோடது. பத்தொம்பது வருஷமா அவங்க தோள்ல தொங்குற தோல் பை. வார் அறுந்துபோச்சுன்னு குடுத்துட்டுப் போனாங்க.

ஆரோக்கியசாமி வாரைத் தச்சாரு. நூல் புதுசாத் தெரியக் கூடாதுன்னு டீத்தண்ணியில ஊறவச்சுத் தச்சாரு. அப்புறம் உள்ள பாத்தா, லைனிங்ல விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். ரயில் கக்கூஸ்ல ஒளிஞ்சவனைக் கதவைத் தட்டிப் பிடிச்ச சந்தோஷம் அவருக்கு. அதையும் மூடித் தச்சாரு. தையல் இருந்த இடமே தெரியலை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்தாங்க. வாரை இழுத்துப் பாத்தாங்க. திருப்தி. வீட்டுச் சாவியோட கையை உள்ள விட்டாங்க. கண்ணு ரோட்டைப் பாக்குது, கை மட்டும் தேடுது. தெரு மாறி நுழைஞ்ச ஆளு மாதிரி அங்கயும் இங்கயும் தடவிட்டு, சாவியோடயே வெளிய வந்துச்சு.

"கிழிசல் எங்க?"

"நீங்க சொல்லலை. நானே பாத்துத் தச்சுட்டேம்மா."

"சாவியை அதுக்குள்ளதான் போடுவேன். பஸ்ல எவ்வளவு நெரிசல்னாலும் பாக்காமலே எடுத்துருவேன்." பையை அடுத்த வீட்டுக் குழந்தை மாதிரி பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. "பரவால்ல. பழகிக்கறேன்."

ஜரினா கையை நீட்டிப் பையை வாங்கிக்கிட்டாங்க.

"அரை மணி நேரம் டீச்சர். காய் வாங்கிட்டு வந்துருங்க."

டீச்சர் தலை மறைஞ்சதும் ஆரோக்கியசாமிக்கு ரோஷம் வந்துருச்சு.

"கிழிசலைத் தைக்கறது ஒரு தப்பா மாஸ்டர்?"

"உங்க கண்ணாடியைக் கழட்டுங்க சார்."

கழட்டிக் குடுத்தாரு. ஜரினா அதை மேசையில வச்சாங்க. ஒரு பக்கக் கம்பி மேல தூக்கிக்கிட்டு நின்னுச்சு. குறடு எடுத்து மெல்ல வளைச்சாங்க. ரெண்டு கம்பியும் சமமா உக்காந்துச்சு.

"எத்தனை வருஷக் கோணலோ. சரி பண்ணிட்டேன். போடுங்க."

போட்டாரு. ஒரு கண்ணுல புருவத்துக்கு ஏறிச்சு, இன்னொரு கண்ணுல கன்னத்துக்கு இறங்கிச்சு.

"கோணலா இருக்கே மாஸ்டர்."

"கண்ணாடி நேராத்தான் இருக்கு சார்."

"என் காது நேரா இல்லையே."

ஜரினா ஆறிப்போன டீயை எடுத்துக் குடிச்சாங்க.

ஆரோக்கியசாமி ரெண்டு காதையும் தொட்டுப் பாத்தாரு. பையைப் பாத்தாரு. கம்பியைப் பழையபடி கோணலாக்கி மாட்டிக்கிட்டு, போட்ட தையலைப் பிரிச்சாரு.

கிழிசல் பல்லைக் காட்டுச்சு. இப்படியே விட்டா ரெண்டு மாசத்துல அடி வரைக்கும் ஓடிரும். மூடினா டீச்சர் கை தவிக்கும். கொஞ்ச நேரம் ஊசியும் கையுமா உக்காந்திருந்தாரு. அப்புறம், சட்டை பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கற மாதிரி, கிழிசலோட ஓரத்தைச் சுத்தி நெருக்கி நெருக்கித் தச்சாரு. கிழிசல் கிழிசலாவே இருந்துச்சு. இனிமே கிழியாது.

டீச்சர் கத்திரிக்காயோட வந்தாங்க. ரோட்டைப் பாத்துக்கிட்டே கையை விட்டாங்க. வெறுங்கை வெளிய வந்துச்சு. சாவி உள்ள போயிருச்சு.

"பஸ் வந்துருச்சு"ன்னு பையைத் தோள்ல மாட்டினாங்க. படி இறங்கும்போது திரும்பி, "கிழிசலை அப்படியே விட்டுட்டீங்களா? ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.

ஆரோக்கியசாமி முகம் தொங்கிப்போச்சு.

"அரை மணி நேரம் கண்ணைக் குடுத்துத் தச்சேன். ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்காமே மாஸ்டர்."

ஜரினா எந்திரிச்சுப் போயி, மெஷின் முன்னாடி கிடந்த ஸ்டூலைத் துணியால துடைச்சாங்க.

"உக்காருங்க சார்."