தலைவரைக் கழுவிய கதை

வட்டச் செயலாளர் தணிகாசலத்தின் பைக், எண்பதைத் தாண்டினால் முன்பக்கம் வெடவெடவென்று ஆடியது. பழியைத் தூக்கி மெக்கானிக் காசிம் தலையில் போட்டார்.

“மத்தியானத்துக்குள்ள ஆட்டம் நிக்கணும். இல்லேன்னா உன் கடையை இழுத்துப் பூட்டிடுவேன்.”

காசிம் டயரைப் பார்த்தார், ஹேண்டில் பேரிங்கைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கோளாறு, தணிகாசலமே ஹேண்டிலில் முடுக்கி வைத்திருந்த பலகை. முறம் அகலத்துக்குத் தலைவர் படம். வேகத்தில் காற்று அதில் மோதி ஹேண்டிலை உலுக்கியது. கழற்றச் சொல்ல எவனுக்குத் துணிச்சல்? தலைவரையே இறக்கச் சொன்னதாகிவிடும்.

பக்கத்தில் வண்டி கழுவும் செங்கமலம் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

“ஐயோ அண்ணே, தலைவர் மூஞ்சியெல்லாம் பூச்சி அடிச்சுக் கிடக்கு. மீசையில ஒரு வண்டு வேற. எதிர்க்கட்சிக்காரன் போட்டோ எடுத்தா மானம் போயிடும். கழட்டிக் குடுங்க, கழுவி வைக்கிறேன். அதுக்குள்ள ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க.”

பதறிப்போய்த் தணிகாசலமே ஸ்பேனரை எடுத்துப் பலகையைக் கழற்றினார். பைபாஸில் பறந்துவிட்டு, முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

“நூறுல போனேன், அசையல! என்னய்யா பண்ணினே காசிம்?”

செங்கமலம் பலகையை நீட்டினாள்.

“தலைவரைக் கழுவியாச்சு அண்ணே. மாட்டிக்கிட்டு இன்னொரு ரவுண்டு போய்ட்டு வாங்க.”

எதிர் டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டம் சிரித்துவிட்டது. தணிகாசலம் பலகையைப் பார்த்தார், ஹேண்டிலைப் பார்த்தார்.

“தலைவர் வெயில்ல காய வேணாம். ஆபீஸ் சுவத்துல இருக்கட்டும்” என்று பின்சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடை பிழைத்தது. ஊரில் காசிமுக்குத்தான் பேர். ஆட்டத்தை நிறுத்தியது செங்கமலம்.