வராத மாணவி

அந்தக் கல்லூரியில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் வந்த நாளிலிருந்து, பிரின்சிபால் மாசிலாமணி மனிதர் சொல் எதையும் நம்புவதில்லை.

செண்பகவல்லி ஒரு நாள்கூட மட்டம் போடாதவள். ஆனால் அவள் மூக்குக்கண்ணாடி போட்ட பிறகு மெஷினுக்கு அடையாளம் தெரியவில்லை. நாற்பது நாள் வரவில்லை, பரீட்சை எழுத முடியாது என்று நோட்டீஸ் வந்தது. நிஜமாகவே வந்தோமா என்று அவளுக்கே குழம்பிப்போனது.

பிரின்சிபால் அறைக்கு ஓடினாள்.

"சார், இன்னைக்கும் வந்திருக்கேன். ஆனா ஆப்சென்ட்னு காட்டுது."

"மெஷின் பொய் சொல்லாதும்மா. அது இல்லைன்னா நீ இல்லைதான். வந்ததுக்கு எழுத்துல ஆதாரம் இருக்கா?" என்றவர், சுவரில் இருந்த மெஷினைத் தட்டிக் காட்ட எழுந்து போனார்.

திருதிருவென்று விழித்த செண்பகவல்லி, சட்டென்று போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏய், எழுந்திரு! உன்னை சஸ்பெண்ட் பண்றேன்!"

அவள் எழுந்து, பணிவாகப் பேனாவை நீட்டினாள். "பண்ணுங்க சார். இன்னைக்குத் தேதி போட்டு, உங்க நாற்காலியில உட்கார்ந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் வந்ததுக்கு அதுதான் ஆதாரம்."

கோபத்தில் எழுத ஆரம்பித்தவரின் பேனா பாதியில் நின்றது. மெஷினைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எதை நம்புவதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். பிறகு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, அவளுடைய ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டார்.