சாயக்காரர் பார்த்த பாம்பு

சாயப்பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு மலைக்கு வந்தவர் ஆவுடையப்பர். அறுபது வயது. அவருடைய குரு நாச்சியம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். குடிலில் எல்லோரும் அவரை அம்மை என்றே அழைத்தார்கள்.

குடிலுக்கு வந்த நாள்முதல் ஆவுடையப்பருக்கு வெள்ளை வேட்டிதான். ஒரு நாள் காலை, தன் கையாலேயே சாயமேற்றிய காவித் துணியோடு அம்மையின் முன் வந்து நின்றார்.

"வெயிலில் பாருங்கள் அம்மை. ஒரு திட்டு கிடையாது. இந்தப் பௌர்ணமிக்கு எனக்குக் காவி கொடுத்துவிடலாமே?"

"நல்ல சாயம்" என்றார் அம்மை. "இன்று சுனைப் பாதைக்கு யார் முறை?"

"என் முறைதான்."

"முதலில் அதைப் பாருங்கள். பிறகு பேசலாம்."

குடிலுக்குக் கீழே இருந்த சுனையில்தான் ஏலத்தோட்டத்துப் பெண்களும் தண்ணீர் எடுத்தார்கள். பாதையில் பாம்பு கிடந்தால், அது இன்னதென்று முறைக்காரர் பெயர் சொல்ல வேண்டும். அதுவரை யாரும் தாண்டக் கூடாது, யாரும் கம்பெடுக்கவும் கூடாது. அது குடிலின் வழக்கம்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் பாதையோர வேர் ஒன்றில் ஒரு சின்னப் பாம்பு சுருண்டிருந்தது. முழ நீளம்தான் இருக்கும். பேச்சியம்மாள் இடுப்புக் குடத்தோடு நின்றுவிட்டாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர்.

"சாயக்கார சாமி, சீக்கிரம் பேரைச் சொல்லுங்க. அடுப்புல பருப்பு கிடக்கு."

ஆவுடையப்பர் தள்ளி நின்று பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நேற்று இங்கே கிடந்தது குழிவிரியன், விஷப் பாம்பு. அது வெற்றிலைப் பச்சை. இது மஞ்சளில் கடுக்காய் சேர்த்த நிறம், ஊடே செம்புப் பொட்டு. அது வேறு, இது வேறு. இது சாது. ஓரமாகப் போங்கள்."

"நிச்சயமாவா?"

"முப்பது வருடம் நிறம் பார்த்த கண் இது, தாயே."

பேச்சியம்மாள் காலைத் தூக்கினாள்.

"நில்லு பேச்சி." மேலிருந்து அம்மை இறங்கி வந்துகொண்டிருந்தார். "என்ன பெயர் சொன்னார்?"

பேச்சியம்மாள் யோசித்தாள். "அது வேற, இது வேறன்னார். பேரு ஒண்ணும் சொல்லலையே!"

அம்மை ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"ஐயா, உங்கள் பட்டறையில் விளக்கு வைத்த பிறகு துணி பார்ப்பீர்களா?"

"சேச்சே! எந்தச் சாயக்காரனும் பார்க்க மாட்டான். அந்த நேரத்தில் நிறம் நிற்காது."

"அப்படியானால் அந்த நேரம் வரட்டும்."

"என் பருப்பு?" என்றாள் பேச்சியம்மாள்.

"கடைசியில் நிற்கிறவளை அனுப்பி விறகை இழுக்கச் சொல்."

ஒருத்தி ஓடினாள். மற்றவர்கள் குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"பருப்பு தீஞ்சா அதுக்கும் ஒரு நிறம் சொல்வீங்கள்ல சாமி?" என்றாள் பேச்சியம்மாள்.

ஆவுடையப்பர் சிரிக்கவில்லை. பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. முதலில் செம்பு போயிற்று. பிறகு மஞ்சள் போயிற்று. வேரும் பாம்பும் ஒரே சாம்பல் நிறமாயின. இனி பார்க்க என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் பார்த்தார்.

முக்கோணத் தலை. சட்டென்று ஒடுங்கிய கழுத்து. வேரைச் சுற்றிப் பிடித்திருந்த வால். நேற்றும் இதே தலை, இதே கழுத்து, இதே பிடி.

அவர் பார்வை பேச்சியம்மாளின் வெறுங்காலுக்குப் போனது.

"பேச்சி, இன்னும் கொஞ்சம் பின்னால் வா தாயே."

"பேரு?"

"குழிவிரியன். நிறம்தான் வேறு."

"நல்ல சாதுதான் போங்க!" என்றாள் அவள். நாலு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். கடைசியில் ஆவுடையப்பரும் சிரித்துவிட்டார். பாம்பை அதன் போக்கில் விட்டுவிட்டு, மேல்பாறை வழியாகச் சுற்றிச் சுனைக்குப் போனார்கள்.

மறுநாள் காலை காவித் துணியோடு அவர் மறுபடி வந்தார். இந்த முறை அதை விரித்துக் காட்டவில்லை.

"அம்மை, பௌர்ணமிக்கு..."

"துணி இங்கேயே இருக்கட்டும் ஐயா" என்றார் அம்மை. "விளக்கு வைக்கிற நேரத்துக்கு நீங்கள் மட்டும் வாருங்கள். உங்களைப் பார்க்கிறேன்."